ஒரு புற்றுநோய் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலையும் மேற்கோள் கணக்கையும் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்களில் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் வாயில் வரும் முதல் சொல் ஆர்.சி.சி. என்பதுதான். 1981-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்தை எல்லையின் இருபுறத்துத் தமிழரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். எல்லையோரக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இந்த நோய் தொடர்பாக இரண்டு வகையினர் என் மேசைக்கு வருவதைக் கண்டிருக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு நெறியாளர் தேடும் மாணவர்கள் ஒரு வகை. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு நல்ல மருத்துவரைத் தேடுகிறவர்கள் மற்றொரு வகை. இரு சாராரும் கைப்பேசியில் ஓர் ஆய்வாளரின் மேற்கோள் எண்ணை, அதாவது அவருடைய கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டியிருக்கின்றன என்ற கணக்கைக் காட்டி, "இது பெரிய எண்ணா, சின்ன எண்ணா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் அதற்கு விடை சொல்ல இயலாது. எப்படித் திறந்து பார்ப்பது என்பதையே கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: எதற்காகப் பார்க்கிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

நெறியாளரைத் தேடும் மாணவர், அந்த ஆய்வாளரின் கடந்த ஐந்தாறு ஆண்டுக் கட்டுரைகளைப் பார்த்தால் போதும். அவற்றில் முதல் பெயராக மாணவர்கள் வருகிறார்களா என்பதே அவருக்கு முக்கியம். பணித்தேர்வுக் குழுவுக்காகப் பார்க்கிறவர் முழு வாழ்நாள் பட்டியலையும் பார்த்தாக வேண்டும். நோயாளிக்காகப் பார்க்கிறவர் இந்தப் படியோடு நின்றுவிடலாம்.

விளவங்கோடு பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் ஒருமுறை ஒரு செய்தித் துணுக்கைக் காட்டி, "சார், இவரு உலக லிஸ்ட்ல உண்டு. அம்மைய இவருட்ட கொண்டு போவலாமா?" என்று கேட்டார். தேடிப் பார்த்தபோது, அந்தப் பேராசிரியர் எலிகளிலும் செல் வளர்ப்பிலும் மருந்துகளைச் சோதிக்கிற ஆய்வகக்காரர் என்பதும், நோயாளிகளைப் பார்க்கிற பணியே அவருக்கு இல்லை என்பதும் தெரிந்தது. அறுவை சிகிச்சையில் கைதேர்ந்த மருத்துவர் பலர் ஆண்டுக்கு ஒரு கட்டுரைகூட எழுதுவதில்லை. மேற்கோள் எண்ணிக்கைக்கும் கைத்திறனுக்கும் தொடர்பு தேடுவது வீண் வேலை.

அந்த "உலக லிஸ்ட்" பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் நம் கல்லூரி வாசல்களில் "உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானி" என்று பிளெக்ஸ் பலகை எழுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸும் அவருடைய குழுவினரும் 2019 முதல் வெளியிட்டு வருகிற ஒரு தரவு அட்டவணையே இதன் மூலம். ஸ்கோபஸ் தரவுத்தளத்திலிருந்து எடுத்த ஆறு மேற்கோள் அளவைகளைச் சேர்த்து ஒரே மதிப்பாக்கி, 22 துறைகளாகவும் 174 உட்பிரிவுகளாகவும் பிரித்து வரிசைப்படுத்துகிறார்கள். வாழ்நாள் முழுவதற்கும் ஓர் அட்டவணை, குறிப்பிட்ட ஓர் ஆண்டுக்கு மட்டும் இன்னோர் அட்டவணை என இரண்டு உண்டு. தற்மேற்கோளை, அதாவது ஒருவர் தம் கட்டுரையைத் தாமே சுட்டுவதை, சேர்த்தும் நீக்கியும் தனித்தனியாக எண்கள் தரப்பட்டிருக்கும். பலகையில் எழுதுவதுபோல் இது ஸ்டான்ஃபோர்டு அளித்த விருது அன்று. எந்த அட்டவணையில் பெயர் வந்தது என்பதைப் பலகை சொல்வதே இல்லை.

படி 2: ஆள் ஒருவர்தானா என்று உறுதி செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் எடுக்கும் படி இதுதான்; பெரும்பாலோர் தாண்டிச் செல்லும் படியும் இதுதான். உலகத் தரவுத்தளங்கள் எல்லாம் குடும்பப் பெயர் உள்ளவர்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. நமக்கோ தலைப்பெழுத்துத்தான் உண்டு. செல்வம் என்பவரின் மகன் ராஜன், "எஸ். ராஜன்" என்று கையெழுத்திடுவார், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் "ராஜன் எஸ்" என்று பதிவாவார். அவரே வெளிநாட்டு ஆய்விதழின் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்று கண்டு தந்தையின் பெயரை அங்கே நிரப்பினால், அடுத்த கட்டுரையில் "செல்வம் ஆர்" ஆகிவிடுவார். ஒரே மனிதர் இரண்டு ஆய்வாளர்களாகப் பிரிந்து, இருவரும் பாதி மேற்கோளோடு நிற்பார்கள்.

எல்லைப் பகுதியில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. கேரளப் பள்ளியில் படித்தவர்களின் சான்றிதழில் வீட்டுப் பெயருக்கும் தந்தை பெயருக்குமாக இரண்டு மூன்று தலைப்பெழுத்துகள் இருக்கும். சித்தூர், நகரி, சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில், ஆந்திரப் பள்ளிப் பதிவேட்டின் வழக்கப்படி குடும்பப் பெயரை முதலில் எழுதிக்கொண்டவர்கள் உண்டு. அந்தப் பெயரைக் கணினி தலைகீழாகப் புரிந்துகொள்ளும். திருமணத்துக்குப் பின் தந்தையின் தலைப்பெழுத்தை விட்டுக் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண் ஆய்வாளர்களின் முற்காலக் கட்டுரைகள் பல நேரம் கணக்கிலேயே வருவதில்லை.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். தேர்வுக் குழு ஒன்றுக்காக ஒரு செல் உயிரியலாளரின் பட்டியலை அவசரமாகத் தொகுத்தபோது, அதே பெயரும் அதே தலைப்பெழுத்தும் கொண்ட எலும்பு மருத்துவர் ஒருவரின் கட்டுரைகளும் அதில் சேர்ந்துவிட்டன. "இவர் முழங்கால் அறுவை சிகிச்சையும் செய்வாரோ?" என்று குழுவில் ஒருவர் கேட்டபோதுதான் தவறு தெரிந்தது. அன்றிலிருந்து கீழ்க்கண்ட வரிசையை மாற்றுவதில்லை.

முதலில் ஆர்கிட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2012 முதல் வழங்கப்பட்டு வரும் இந்த 16 இலக்க அடையாளம் ஆய்வாளருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றே. பெயரை எப்படி எழுதினாலும் மாறாது. ஆனால் அந்தப் பக்கத்தை நிரப்புவது அவரவர் பொறுப்பு என்பதால், எண் வாங்கிவிட்டு வெறுமையாக விட்டவர்களும் உண்டு. அடுத்து ஸ்கோபஸில் தேடுங்கள். அங்கே ஆசிரியர் பக்கத்தைக் கணினியே உருவாக்குவதால் ஒருவருக்கு இரண்டு மூன்று பக்கங்கள் இருக்கக்கூடும். கூகுள் ஸ்காலர் பக்கத்தை ஆய்வாளர் தாமே தொடங்குகிறார். "புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்" என்ற வசதியை இயக்கி வைத்திருந்தால், அவருக்குத் தெரியாமலே பிறர் கட்டுரைகள் அதில் வந்து குடியேறும். பப்மெட்டில் 2002 முதல் ஆசிரியரின் முழுப்பெயரும் சேர்க்கப்பட்டிருப்பதால், அதற்குப் பிந்தைய கட்டுரைகளுக்கு முழுப்பெயரையே இட்டுத் தேடலாம். ஐயம் வரும் கட்டுரை ஒவ்வொன்றிலும் பணியிட முகவரி, உடன் எழுதியவர்கள், பொருள், ஆண்டு ஆகிய நான்கும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இரண்டு மட்டுமே ஒத்துப்போனால் அந்தக் கட்டுரையைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

படி 3: ஒரே நாளில் எல்லா இடங்களிலும் எண்ணுங்கள்

ஒரே ஆய்வாளருக்குக் கூகுள் ஸ்காலர் ஓர் எண்ணும், ஸ்கோபஸ் அதைவிடச் சிறிய எண்ணும், வெப் ஆஃப் சயின்ஸ் பெரும்பாலும் இன்னும் சிறிய எண்ணும் காட்டும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு, கருத்தரங்கத் தொகுப்பு, புத்தகம் என வலையில் கிடைப்பதையெல்லாம் எண்ணுகிறது. மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களுக்குள் மட்டும் எண்ணுகின்றன. ஆகவே ஒருவருடைய ஸ்காலர் எண்ணை இன்னொருவருடைய ஸ்கோபஸ் எண்ணோடு ஒப்பிடுவது, படியால் அளந்த நெல்லைத் தராசில் நிறுத்த நெல்லோடு ஒப்பிடுவது போலாகும். எடுத்த நாளையும் தரவுத்தளத்தின் பெயரையும் ஒவ்வோர் எண்ணுக்கு அருகிலும் எழுதி வையுங்கள். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் சந்தா கட்டி முழுமையாகப் பயன்படுத்த வேண்டியவை. பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் ஒரு பிற்பகலைச் செலவிட்டால் வேலை முடியும்.

படி 4: கட்டுரைகளை வகை பிரியுங்கள்

புற்றுநோய்த் துறையில் எண்ணிக்கை ஏமாற்றுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு தாளில் கோடுகள் போட்டு, மூல ஆய்வு, மருத்துவப் பரிசோதனை, ரிவியூ எனப்படும் தொகுப்புரை, புள்ளிவிவர அறிக்கை, ஒற்றை நோயாளி அறிக்கை, கடிதம், மாநாட்டுச் சுருக்கம் என்று பிரியுங்கள்.

மாநாட்டுச் சுருக்கங்களைத் தனியே வைப்பது மிக முக்கியம். அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுச் சுருக்கங்கள் அச்சங்கத்தின் பெயர்பெற்ற ஆய்விதழின் இணைப்பாக வெளிவருகின்றன. தன்விவரக் குறிப்பில் அந்த ஆய்விதழின் பெயர் மட்டும் இருந்தால், பாதிப் பக்கச் சுருக்கமா முழுக் கட்டுரையா என்பது வெளியே தெரியாது. பக்க எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புள்ளிவிவர அறிக்கைகளின் கதை வேறு. உலகில் புற்றுநோய்க் கட்டுரை எழுதுகிற எவரும் தம் முதல் பத்தியில் "ஆண்டுக்கு இத்தனை பேருக்கு இந்நோய் வருகிறது" என்று எழுதி, அதற்கு ஆதாரமாக, உலக நாடுகளின் புற்றுநோய் எண்ணிக்கையை மதிப்பிடும் குளோபோகான் கணக்கைச் சுட்டுவார்கள். அந்தக் கணக்குக் கட்டுரைகளும் அமெரிக்கப் புற்றுநோய்ப் புள்ளிவிவரங்களும் வெளியாகும் ஆய்விதழின் தாக்கக் காரணி (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்; விளக்கம் படி 10-இல்) 200-ஐத் தாண்டியதற்கு இதுவே முதன்மைக் காரணம். இதேபோல் உலக நோய்ச்சுமை ஆய்வு போன்ற பெருங்கூட்டுக் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள். பட்டியலின் நடுவில் ஒரு பெயராக இருப்பவருக்கும் ஆயிரக்கணக்கான மேற்கோள்கள் முழுதாகச் சேரும்.

அதற்காகத் தொகுப்புரைகளை எல்லாம் தள்ளிவிடவும் கூடாது. டக்ளஸ் ஹனஹானும் ராபர்ட் வைன்பெர்க்கும் 2000-இல் செல் ஆய்விதழில் எழுதிய, புற்றுநோயின் அடையாளக் கூறுகளை வரையறுத்த கட்டுரை ஒரு தொகுப்புரைதான். புதிய சோதனை எதுவும் அதில் இல்லை. ஆனால் கட்டுக்கடங்காத தகவல்களை ஆறு பண்புகளுக்குள் அடக்கிக் காட்டியதால், துறையே தன் சிந்தனையை அதைச் சுற்றி அமைத்துக்கொண்டது. அத்தகைய தொகுப்புரையையும், நாற்பது கட்டுரைகளின் சுருக்கத்தை அடுத்தடுத்து ஒட்டிய தொகுப்புரையையும் படித்துத்தான் வேறுபடுத்த முடியும்.

படி 5: பெயர் எந்த இடத்தில் நிற்கிறது?

உயிர்மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது, தொடர்பு ஆசிரியர் என்று குறிக்கப்பட்டவர் கட்டுரைக்குப் பொறுப்பேற்பவர். இடைப்பட்ட பெயர்களின் பங்கு கட்டுரைக்குக் கட்டுரை மாறும். பல ஆய்விதழ்கள் இப்போது கட்டுரையின் இறுதியில் யார் என்ன செய்தார் என்ற குறிப்பை அச்சிடுகின்றன, அதைப் படியுங்கள். துறைத்தலைவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்க்கும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆண்டுக்கு ஐம்பது அறுபது கட்டுரைகளில் பெயர் வருகிறவர், அவை அனைத்தையும் ஒருமுறையாவது முழுதாகப் படித்திருப்பாரா என்று கேட்பதில் தவறில்லை.

படி 6: கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

எச்-குறியீடு என்பதை இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்மொழிந்தார். ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்கு வரிசையில் அடுக்கி, வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் பெற்ற கடைசிக் கட்டுரையின் வரிசை எண் எதுவோ அதுவே எச்-குறியீடு. ஒரு கற்பனை ஆய்வாளரின் பத்துக் கட்டுரைகள் முறையே 210, 64, 31, 18, 11, 7, 6, 4, 2, 0 மேற்கோள்கள் பெற்றிருப்பதாகக் கொள்வோம். ஆறாவது கட்டுரைக்கு 7 மேற்கோள்கள்; ஆறுக்குக் குறையவில்லை. ஏழாவதற்கு 6 மட்டுமே, ஏழுக்குக் குறைந்துவிட்டது. ஆகவே எச்-குறியீடு 6. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மேற்கோள் பெற்றவற்றை எண்ணும் கூகுளின் ஐ10 குறியீடு 5. மொத்த மேற்கோள் 353, சராசரி 35.3, ஆனால் நடு மதிப்போ 9 மட்டுமே. சராசரிக்கும் நடு மதிப்புக்கும் உள்ள இந்தப் பள்ளமே ஏதோ ஒரு கட்டுரை மற்றவற்றைச் சுமக்கிறது என்று சொல்கிறது.

இப்போது 210 மேற்கோள் பெற்ற முதல் கட்டுரை ஒரு பெருங்கூட்டுக் கட்டுரை என்று தெரியவருகிறது எனக் கொண்டு அதை நீக்குங்கள். மொத்தம் 353-லிருந்து 143-ஆகச் சரிகிறது. எச்-குறியீடோ 6-லேயே நிற்கிறது. அடுத்து, நீக்கிய கட்டுரையைத் திரும்பச் சேர்த்துவிட்டு, தற்மேற்கோள்களை மட்டும் கழியுங்கள். 18 என்பது 12-ஆகவும், 11 என்பது 8-ஆகவும், 7 என்பது 4-ஆகவும், 6 என்பது 3-ஆகவும், 4 என்பது 1-ஆகவும் குறைகின்றன என்போம். மொத்தத்தில் வெறும் 18 மேற்கோள்தான் போயிற்று, ஆனால் எச்-குறியீடு 5-க்கு இறங்கிவிட்டது. பெருங்கூட்டுக் கட்டுரை மொத்த எண்ணை ஊதுகிறது. எல்லைக்கோட்டுக்கு அருகில் இருக்கும் கட்டுரைகளுக்குத் தாமே மேற்கோள் சேர்த்துக்கொள்வது எச்-குறியீட்டை ஊதுகிறது. இரண்டையும் கழித்தால் இந்த ஆய்வாளருக்கு மிஞ்சுவது 125 மேற்கோள்களும் எச்-குறியீடு 4-உம்.

தற்மேற்கோள் எல்லாமே குற்றமில்லை. ஒரே நோயாளிக் குழுவை இருபது ஆண்டுகள் பின்தொடர்கிறவர் தம் முந்தைய கட்டுரையைச் சுட்டாமல் எழுதவே முடியாது. எத்தனை என்பதைவிட எங்கே என்று பாருங்கள்: செய்முறைப் பகுதியில் சுட்டியிருந்தால் இயல்பு; முன்னுரையின் ஒரே வாக்கியத்தில் தம்முடைய எட்டுக் கட்டுரைகளைச் சங்கிலியாக அடுக்கியிருந்தால் அது வேறு நோக்கம்.

படி 7: துறைக்கும் காலத்துக்கும் ஏற்பச் சரிசெய்யுங்கள்

மார்பகப் புற்றுநோய் மரபணுவியலில் எழுதுகிறவர் ஆயிரம் பேர் என்றால், வெற்றிலை பாக்கோடு தொடர்புடைய வாய்ப்புற்றில் எழுதுகிறவர் அதில் ஒரு சிறு பகுதியினரே. மேற்கோள் அளிப்பவர் குறைவாக இருக்கும் துறையில் எண் சிறிதாகவே இருக்கும். இதைச் சரிக்கட்ட அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் ஐசைட் என்ற கருவியைக் கட்டணமின்றித் தருகிறது. பப்மெட் எண்ணை இட்டால், அக்கட்டுரை தன் துறையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒப்பீட்டு விகிதமாகச் சொல்லும், விகிதம் 1.0 என்றால் அந்நிறுவனம் நிதியளித்த கட்டுரைகளின் நடு நிலைக்கு இணை என்று பொருள். ஸ்கோபஸிலும் இதைப் போன்ற, உலகச் சராசரியை 1 என்று கொள்ளும் அளவை உண்டு. வெளிவந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத கட்டுரைகளுக்கு இந்த விகிதங்களை நம்ப வேண்டாம்.

படி 8: மேற்கோள் காட்டியவர் என்ன சொல்கிறார் என்று படியுங்கள்

எண்களை விட்டு எழுத்துக்கு வரும் இடம் இது. ஆய்வாளரின் மிக முக்கியமான மூன்று கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றைச் சுட்டிய கட்டுரைகளில் பத்தையாவது திறந்து, சுட்டிய வாக்கியத்தைப் படியுங்கள். போகிற போக்கில் சுட்டினாரா, முறையைப் பின்பற்றினாரா, முடிவை உறுதிப்படுத்தினாரா, மறுத்தாரா என்று நான்காகப் பிரியுங்கள். மறுப்பும் மேற்கோளாகவே எண்ணப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஆர்.சி.சி.யில் பணியாற்றிப் பின்னர் பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையில் இருந்த ரங்கசாமி சங்கரநாராயணனும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் திருவனந்தபுரத்தில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். 13 பஞ்சாயத்துத் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். 35 வயதும் அதற்கு மேலும் உள்ள 1,91,873 பேர் இரண்டு பகுதிகளிலுமாகச் சோதனையில் அடங்கினர். 2005-இல் லான்செட் ஆய்விதழில் வெளியான முடிவு இது: புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்தது, எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 21 சதவீதம், ஆனால் அது புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை.

இந்தக் கட்டுரையைச் சுட்டியவர்களைப் படித்தால் மூன்று செய்திகள் கிடைக்கின்றன. வாய்ப்புற்றுப் பரிசோதனை பற்றி எழுதும் எவரும் இதைத் தாண்டிச் செல்ல முடியவில்லை. உலகச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் மதிப்பாய்வு 2013-இல் இப்பொருளைப் பரிசீலித்தபோது, தகுதியுடையதாகச் சேர்த்துக்கொண்ட குலுக்கல் முறைச் சோதனை இது ஒன்றுதான். அதே மதிப்பாய்வு, இச்சோதனையில் ஒருசார்பு நேர்ந்திருக்கும் அபாயம் அதிகம் என்றும் மதிப்பிட்டது. மேற்கோள் எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் தெரிய வாய்ப்பில்லை. நெய்யாற்றின்கரையைத் தாண்டிப் போகும் பேருந்தில் ஜன்னல் வழியே நாம் பார்க்கிற வீடுகளைப் போன்ற வீடுகளின் திண்ணைகளில் நடந்த ஒரு வேலை, உலக அளவிலான விவாதத்தின் ஒரே தூணாக நிற்கிறது என்பதும் தெரியாது.

கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் நடந்த ஆய்வும் இப்படிப்பட்டதே. மணவாளக்குறிச்சி மணலைப் போலவே அங்கும் மோனசைட் கலந்த மணல். இயற்கைக் கதிரியக்கம் அதிகம். அங்கு வாழ்வோரைப் பின்தொடர்ந்து, கதிரியக்கத்தால் புற்றுநோய் கூடியதற்குச் சான்று இல்லை என்று சொன்ன கட்டுரை 2009-இல் ஹெல்த் ஃபிசிக்ஸ் என்ற, தாக்கக் காரணி சிறிதான ஆய்விதழில் வெளியானது. குறைந்த அளவுக் கதிரியக்கத்தைப் பற்றி விவாதிக்கிறவர்கள் எல்லோரும் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

படி 9: திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தேடுங்கள்

தவறு கண்டு ஆய்விதழ்கள் திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தொகுத்து வைப்பது ரிட்ராக்ஷன் வாட்ச். ஆய்வாளரின் பெயரை ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் இட்டுப் பாருங்கள். 2023 முதல் அதன் தரவு முழுவதும் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டிருக்கிறது. பப்மெட்டும் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் மேல் அறிவிப்பை இடுகிறது. அடுத்து பப்பியர் தளத்தில் கட்டுரைத் தலைப்புகளைத் தேடுங்கள். ஒரே படத்தை இரண்டு சோதனைகளுக்குப் பயன்படுத்தியது போன்ற ஐயங்களைப் பிற ஆய்வாளர்கள் அங்கே எழுப்பியிருப்பார்கள். ஐயம் எழுப்பப்பட்டது என்பதாலேயே குற்றம் உறுதியாகிவிடாது. ஆசிரியர் மூலப்படத்தைத் தந்து விளக்கியிருக்கிறாரா என்று பாருங்கள்.

மஞ்சள் நம் அடுக்களைப் பொருள் என்பதால் ஓர் எடுத்துக்காட்டு. மஞ்சளில் உள்ள குர்குமின் புற்றுநோயைத் தடுக்கும் என்று நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் எழுதி, உலகிலேயே மிக அதிக மேற்கோள் பெற்றவர்களுள் ஒருவராக விளங்கிய ஓர் ஆய்வாளர் அமெரிக்காவின் பெரிய புற்றுநோய் மையம் ஒன்றில் இருந்தார். படங்களின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகி, 2016-இல் ஒரே ஆய்விதழ் அவருடைய ஏழு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. பிற ஆய்விதழ்களும் தொடர்ந்தன. 2017-இல் வேதியியலாளர்கள் சிலர் குர்குமின் பற்றிய நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளைப் பரிசீலித்து, முறையான கட்டுப்பாட்டோடு நடந்த எதிலும் அது வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். ஆனால் எச்-குறியீடு மட்டும் இறங்கவில்லை. திரும்பப் பெற்ற கட்டுரைகளையும் அறியாமல் சுட்டுகிறவர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

நேர்மையாகச் செய்த வேலையும் திரும்பச் செய்யும்போது நிற்காமல் போவதுண்டு. ஆம்ஜென் மருந்து நிறுவனத்தில் இருந்த கிளென் பெக்லியும் உடன் எழுதிய லீ எல்லிஸும் 2012-இல் நேச்சர் ஆய்விதழில் எழுதியபடி, பெயர்பெற்ற 53 அடிப்படைப் புற்றுநோய் ஆய்வுகளில் 6-ஐ மட்டுமே அந்நிறுவனத்தாரால் உறுதிப்படுத்த முடிந்தது. ஆகவே ஆய்வாளரின் முதன்மைக் கண்டுபிடிப்பை வேறோர் ஆய்வகம் தனியே செய்து காட்டியிருக்கிறதா என்பதைத் தனிக் கேள்வியாக எழுதிக்கொள்ளுங்கள்.

படி 10: ஆய்விதழைச் சுருக்கமாகச் சோதியுங்கள்

தாக்கக் காரணி ஆய்விதழுக்கு உரியது. கட்டுரைக்கோ ஆளுக்கோ உரியதன்று. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு பெற்ற மேற்கோளை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அது. சில கட்டுரைகளே பெரும்பகுதியைச் சம்பாதித்துக் கொடுக்கும். தன்விவரக் குறிப்பில் "மொத்தத் தாக்கக் காரணி 148" என்று கூட்டிப் போடுகிறவர்கள் உண்டு. அப்படிக் கூட்டுவதற்குப் பொருளே இல்லை. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்களை அடையாளம் காண, அது, பப்மெட்டுக்குள் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களை மட்டும் கொண்ட மெட்லைன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பப்மெட்டில் தெரிவது எல்லாம் மெட்லைனில் சேர்க்கப்பட்டது ஆகாது. ஆங்கோடார்கெட் என்ற புற்றுநோய் ஆய்விதழ் 2017-இல் மெட்லைனிலிருந்தும் அடுத்த ஆண்டு வெப் ஆஃப் சயின்ஸிலிருந்தும் விலக்கப்பட்டது. அதில் எழுதியவர்களுள் நல்லவர்களும் பலர் என்பதால், இங்கும் கட்டுரையைத்தான் பார்க்க வேண்டும்.

படி 11: வெளிவராததையும் தேடுங்கள்

மருத்துவப் பரிசோதனை நடத்துகிறவர் என்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டைத் திறவுங்கள். 2007-இல் தொடங்கிய இப்பதிவேட்டில் 2009 முதல் பதிவு கட்டாயம். முதன்மை ஆய்வாளராக அவர் பெயர் உள்ள பரிசோதனைகளைக் குறித்துக்கொண்டு, முடிந்ததாகக் காட்டப்பட்டவற்றுக்குக் கட்டுரை வந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். மருந்து பயன் தரவில்லை என்ற முடிவை வெளியிட்டவருக்கு மேற்கோள் குறைவாகக் கிடைக்கலாம். வெளியிடாமல் வைத்துக்கொண்டவரைவிட அவரை நான் மேலாக மதிப்பேன். புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்டாண்டாக நோயாளிகளின் விவரங்களைச் சேகரித்தவர்கள், சிகிச்சை நெறிமுறை வகுக்கும் குழுக்களில் உழைத்தவர்கள் ஆகியோரின் பங்கும் மேற்கோள் கணக்கில் அநேகமாக வராது. அவர்களுடைய நிறுவன அறிக்கைகளில்தான் அதைத் தேட வேண்டும்.

படி 12: அரைப் பக்கம் எழுதுங்கள்

எண்களை அட்டவணையாக மட்டும் கொடுக்காமல் வாக்கியமாக எழுதுங்கள். மேலே கண்ட கற்பனை ஆய்வாளருக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"இன்றைய நாளில் ஸ்கோபஸ் காட்டுவது 10 கட்டுரைகள், 353 மேற்கோள்கள், எச்-குறியீடு 6. இவற்றில் 210 மேற்கோள்கள் இவர் நடுவில் ஒரு பெயராக உள்ள பெருங்கூட்டுக் கட்டுரைக்கு உரியவை. அதையும் தற்மேற்கோள்களையும் நீக்கினால் 125 மேற்கோள்கள், எச்-குறியீடு 4. கடைசிப் பெயராக உள்ள கட்டுரைகள் மூன்று. மூன்றிலும் முதல் பெயர் மாணவருடையது. 64 மேற்கோள் பெற்ற கட்டுரையின் செய்முறையை வேறு இரண்டு ஆய்வகங்கள் பின்பற்றியுள்ளன. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை இல்லை. பதிவேட்டில் இவர் பெயரில் உள்ள இரண்டு பரிசோதனைகளில் ஒன்றின் முடிவு இன்னும் வெளிவரவில்லை. காரணத்தை அவரிடமே நேரில் கேட்க வேண்டும்."